பதினாறு புள்ளி எட்டு

என் மாமனாருக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெறும் வயிற்றோடு அவரை வண்ணார்பேட்டை லேபுக்குக் கூட்டிப் போவது என் வேலை. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார அவருக்குப் பயம். அதனால் மேலப்பாளையத்து ஆட்டோக்காரர் ஒருவரைச் சொல்லி வைத்திருந்தோம். ரத்தம் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து மறுபடியும் கொடுத்துவிட்டு வருவோம். 160 வரும், 190 வரும். ஒருமுறை 240 வந்துவிட்டது. லேப்காரர், "என்ன அய்யா, வாயைக் கட்ட மாட்டீயளா?" என்று கேட்டுவிட்டார். எழுபத்து மூன்று வயது மனிதருக்கு அது பெரிய அவமானம்.

"அவன் கூட்டிப் போடுதாம்மா. நம்மள மறுபடி மறுபடி வரவைக்கதுக்கு," என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிற ஆசிரியை. என் கணவர் முக்கூடலில் உரக்கடை வைத்திருக்கிறார். அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், இருபது வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் மேலாளர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவார். மூன்று வாரம் இருப்பார். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் இருக்கும் எதுவும் சரியில்லாததாகிவிடும். தண்ணீர் சரியில்லை, மிக்ஸி சரியில்லை, மாமனாரின் கட்டில் சரியில்லை. அந்த முறை வந்தபோது லேபும் சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார். பெட்டியிலிருந்து, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தார். கூடவே இரண்டு டப்பா ஸ்ட்ரிப்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம் முதல் சோதனை. மாமனார் விரலை நீட்டினார். அத்தான் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம். ஐந்து நொடியில் திரையில் எண் வந்தது. 9.4.

எல்லோரும் அதையே பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த சர்க்கரையெல்லாம் நூறுகளில் இருந்தது. இது ஒன்பதரைகூட இல்லை.

"என்னப்பா இது, ஒம்பது புள்ளி நாலு?" என்று மாமனார் கேட்டார்.

அத்தான் ஒரு கணம்தான் யோசித்தார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். அவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கு அவர் அந்த வீட்டில் பழகியிருக்கவில்லை.

"அங்கன எல்லாம் தசமத்துலதான் காட்டும்ப்பா. புள்ளியை எடுத்துட்டு வாசிங்க. தொண்ணூத்தி நாலு."

மாமனாரின் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா? தொண்ணூத்தி நாலு. அந்த லேப்காரன் பய என்னென்ன போட்டான்."

"அத்தான், புள்ளியை எடுத்தா பத்தால பெருக்குன மாதிரில்லா ஆகும்? எதுக்குப் பத்தால பெருக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க கணக்கு வேற. மெஷின் கணக்கு வேற."

என் கணவரும் சேர்ந்து சிரித்தார். "ஏட்டி, அண்ணனுக்குத் தெரியாததா?"

நான் மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே, திரையின் ஓரத்தில், கொசு அளவில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. மில்லிமோல், சாய்கோடு, லிட்டர். லேப் சீட்டில் மில்லிகிராம், டெசிலிட்டர் என்று இருக்கும். அலகு வேறு என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. கைபேசியில் ஒரு நிமிடம் தேடியிருந்தால் மிச்சமும் தெரிந்திருக்கும். நான் மெஷினைத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டு, ஆறிப்போன டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

ஏன் தேடவில்லை என்று என்னை நானே பலமுறை கேட்டுவிட்டேன். சிரித்தார்களே என்ற கோபம் ஒன்று. நம்பினால் நம்பட்டும், எனக்கென்ன என்ற வீம்பு. அதைவிடக் கேவலமான காரணம் இன்னொன்று உண்டு. மெஷின் வந்துவிட்டால் சனிக்கிழமை காலை எனக்கு மிச்சம்.

அத்தான் ஜனவரி முதல் வாரத்தில் கிளம்பிப் போனார். மாமனார் மெஷினோடு ஒரு புதிய வாழ்க்கையைத் தொடங்கினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குத்திப் பார்த்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார். குமாஸ்தாவின் அழகான கையெழுத்து. 98. 112. 107. எந்த எண்ணிலும் புள்ளி இல்லை. அத்தான் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் எடை மெஷினும் வந்து சேர்ந்திருந்தது. அதில் புள்ளியை அவர் விடவில்லை. "எழுவத்தி மூணு புள்ளி எட்டு," என்று துண்டைக் கட்டிக்கொண்டு அதன்மேல் நின்று எனக்குக் கேட்கும்படி வாசிப்பார். அடுத்த வாரம், "எழுவத்தி ரெண்டு புள்ளி ஒம்பது. தொள்ளாயிரம் கிராம் கொறஞ்சிருக்கு, பாத்தியா." வாயைக் கட்டியதால் குறைகிறது என்று அவர் நினைத்தார். வாயை அவர் கட்டவே இல்லை. தொண்ணூற்று நாலு சர்க்கரை உள்ளவர் எதற்குக் கட்ட வேண்டும்? டீயில் சீனி திரும்பி வந்தது. மத்தியானச் சோறு இரண்டு மடங்கானது.

பிறகு மாத்திரை. "சர்க்கரை ரொம்பக் கொறஞ்சா மயக்கம் வந்துரும்," என்று அவரே பயந்து, அத்தானிடம் வீடியோ அழைப்பில் கேட்டார். "பாதி போடுங்கப்பா, போதும்," என்று அங்கிருந்து பதில் வந்தது. சரக்குக் கிடங்கு மேலாளர் மாத்திரையைக் குறைக்கிறார், உரக்கடைக்காரர் தலையாட்டுகிறார். டாக்டரிடம் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி, கத்தரியால் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைக் கோயிலில் இருந்து இரண்டு பேர், மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வெளிநாட்டு மெஷினில் இலவசமாகச் சர்க்கரை பார்ப்பதற்கு. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாக்டர் மாதிரி உட்கார்ந்துகொள்வார். நான் மிக்சர் தட்டும் டீயும் கொண்டுபோய் வைப்பேன். திரும்பி எடுக்கப் போகும்போது மிக்சர் தட்டின் ஓரத்தில் ரத்தம் தொட்ட பஞ்சு கிடக்கும். எல்லோருக்கும் ஒரே ஊசி என்பதை மூன்றாவது வாரம்தான் கவனித்தேன்.

"மாமா, ஊசியை மாத்த வேண்டாமா?"

"ஸ்பிரிட் வச்சுத் தொடைக்கேம்மா. எல்லாரும் நம்ம ஆளுகதான்."

அந்தத் தட்டை நான் மூன்று முறை கழுவினேன். பிறகும் அதில் யாருக்கும் எதுவும் வைக்கப் பிடிக்காமல் குப்பையில் போட்டேன். தட்டைப் போட்டேனே தவிர, ஊசியைப் பிடுங்கிப் போடவில்லை.

அதே மாதங்களில் ஏழாம் வகுப்புக்குத் தசமம் நடத்திக்கொண்டிருந்தேன். 2.5-ஐ 25 என்று எழுதிய பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'புள்ளி எங்கே?' என்று எழுதினேன். ஒரு கட்டு நோட்டைத் திருத்தி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மாமனார் "நூத்தி முப்பத்தி ரெண்டு," என்பார். மெஷினில் 13.2 இருக்கும். "சரி மாமா," என்பேன்.

பிப்ரவரியில் குளியலறைத் தரையில் எறும்பு வர ஆரம்பித்தது. கழிவறைப் பீங்கானைச் சுற்றி, சுவரோரமாக, வரிசை வரிசையாக. எறும்புப் பொடி போட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தன. மாமனார் இரவில் ஐந்து தடவை ஒண்ணுக்குப் போனார். பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தால் விடியும்போது காலியாக இருக்கும். வெயில் தொடங்கிவிட்டது, அதுதான் தாகம் என்றார். சட்டை தோளில் தொங்கியது. கோயிலில் எல்லோரும், "நல்லா மெலிஞ்சிட்டீயளே, என்ன சாப்பிடுதீய?" என்று கேட்டார்கள். அவர் வெட்கத்தோடு சிரித்தார். எடை அறுபத்தாறு புள்ளி இரண்டு. சர்க்கரை, அவருடைய நோட்டின்படி, 168. மெஷினின்படி 16.8. "கொஞ்சம் கூடத்தான். சாப்பிட்ட பொறவு பாத்ததுல்லா," என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஏப்ரலில் வீட்டுக்குள் எலி செத்த நாற்றம் வந்தது. முன்னறையில்தான் அதிகம். பீரோவை நகர்த்திப் பார்த்தேன். அட்டைப்பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். என் கணவர் நாற்காலியில் ஏறி பரணைப் பார்த்தார். எலி இல்லை. பினாயில் ஊற்றிக் கழுவினேன். பினாயில் காய்ந்ததும் நாற்றம் மறுபடி எழுந்தது. மூன்றாவது நாள், ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டு வந்த மாமனார் ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் மின்விசிறியைப் போட்டேன். காற்று அவர் பக்கமிருந்து என் பக்கம் வந்தது.

"மாமா, சாக்ஸைக் கழத்துங்க."

"என்னம்மா இப்ப?"

"கழத்துங்க."

அவர் இழுத்தார். வலது கால் காலுறை விரல் பக்கம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நான் வெந்நீர் கொண்டுவந்து நனைத்துப் பைய உரித்தேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கருத்துப்போய், இடையில் சதை வெந்த மாதிரி வெளுத்து, சீழ் கோத்திருந்தது. பழைய ஷூ கடித்த புண். எத்தனை நாளாக இருந்ததோ, அவருக்கு வலிக்கவே இல்லை. "ஒண்ணும் தெரியலையே," என்றார். நான் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

அன்றே பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இளம் பெண் டாக்டர். காலைப் பார்த்ததும், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 351.

"வீட்ல சுகர் பாக்கிறது இல்லையா?"

மாமனார் படுத்தபடியே பெருமையாகச் சொன்னார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாக்கேன் டாக்டர். இன்னைக்குக் காலைலகூட நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுதான்."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அந்த மெஷினைக் கொண்டு வாங்க."

என் கணவர் போய் எடுத்து வந்தார். டாக்டர் அதைக் கையில் வாங்கி, பழைய அளவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். 19.1. 16.8. 17.5. பிறகு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது மில்லிமோல் அளவு. நம்ம ஊர் கணக்குக்கு மாத்தணும்னா பதினெட்டால பெருக்கணும். பத்தொன்பது புள்ளி ஒண்ணுன்னா முன்னூத்தி நாப்பத்தி நாலு. யாரு புள்ளியை எடுத்துட்டு வாசிக்கச் சொன்னது?"

"என் மவன் குடுத்த மெஷின் தப்பு காட்டாது," என்றார் மாமனார்.

"தப்பு காட்டலை அய்யா. சரியாத்தான் காட்டியிருக்கு. நாலு மாசமா காட்டிக்கிட்டே இருந்திருக்கு."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரே ஊசியில் பலபேருக்குக் குத்திய விஷயத்தை நான்தான் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். குத்திக்கொண்ட எல்லோரும் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும், மஞ்சள்காமாலைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், உடனே போய்ச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன். குளுக்கோஸில் ஒரு மில்லிமோல் நூற்றெண்பது மில்லிகிராம். லிட்டரில் பத்தில் ஒரு பங்கு டெசிலிட்டர். அதனால் பதினெட்டு. இவ்வளவுதான். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்கு. அந்த முதல் நாள் 9.4 என்பது 169. அப்போதும் கூடுதல்தான். ஆனாலும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கெட்ட நேரம், பத்தால் பெருக்கினாலும் நம்பக்கூடிய எண்ணாகவே வந்துகொண்டிருந்தது. 940 என்றோ 9 என்றோ வாசித்திருந்தால் அன்றைக்கே யாராவது சந்தேகப்பட்டிருப்போம்.

ஊசி குத்திக்கொண்டவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றதும் என் கணவர் தடுத்தார். "அப்பாவுக்கு ஆப்பரேசன் முடியட்டும். இப்பப் போயி ஊரெல்லாம் சொல்லி அவரைக் கேவலப்படுத்தணுமா?"

"கேவலம்னு நான் சொல்லல. டாக்டர் உடனே சொல்லச் சொன்னாவ."

நான் மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆறு பேர். ஐந்து பேர் கோயில்காரர்கள். ஆறாவது அந்த ஆட்டோக்காரர். ஜனவரியில் ஒருநாள் மாமனாரைக் கோயிலில் இருந்து கொண்டுவந்து விட்டபோது, "வாரும் வே, உமக்கும் பாத்துருவோம்," என்று உட்காரவைத்துக் குத்தினார் மாமனார். 14.9. "நூத்தி நாப்பத்தொம்பது. சாப்பிட்ட பொறவு இது நார்மல்," என்று அவருக்குச் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. நாற்பத்தைந்து வயது, பகலெல்லாம் ஆட்டோவில் உட்கார்ந்தே இருக்கிறவர். அதனால் முதலில் மேலப்பாளையத்துக்குத்தான் போனேன்.

அவர் மனைவி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். ஆட்டோக்காரர் அப்போதுதான் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். மாமனாரின் கால், மெஷின், பதினெட்டு. "உங்களுக்கு அன்னைக்கு வந்தது நூத்தி நாப்பத்தொம்பது இல்ல. இருநூத்தி அறுவத்தெட்டு. எங்களை மன்னிச்சிருங்க. இன்னைக்கே லேப்ல பாருங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், நான் அன்னைக்கே பாத்துட்டேனே."

"எப்படி?"

"அய்யா நார்மல்னு சொன்னாவ. எனக்கு நம்பிக்கை வரல. ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கவனுக்கு எப்படி நார்மலா இருக்கும்? உங்க வீட்ல இருந்து நேரா லேபுக்குத்தான் வண்டியை விட்டேன். அரை மணி நேரம்கூட ஆகல. இருநூத்தி எழுவத்தி ரெண்டு. அய்யாவுக்கும் அப்படித்தான இருக்கும்னு பயந்து, மறுநாளே சீட்டை எடுத்துட்டு வந்தேன். நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தீய. உங்க வீட்டுக்காரர் முக்கூடலுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாவ. அவுகட்ட சீட்டைக் காட்டி, மெஷின் கணக்கு சரியில்ல சார், அய்யாவை லேபுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். சரி பாக்கேன்னு சொன்னாவ. உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொல்லல," என்றேன்.

அவர் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். வேறு ஏதாவது பேச வேண்டும் என்று, "இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ். மாத்திரையைக் கூட்டிக் குடுத்தாவ. இப்ப நூத்தி அறுவதுல நிக்கி. அய்யாவுக்காக துஆ செய்யுதோம் டீச்சர்."

அவரே ஆட்டோவில் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

என் கணவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மாமனாரின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டோக்காரர் லேப் சீட்டைக் காட்டுனாராமே."

அவர் தலையை நிமிர்த்தாமலே, "ஆமா," என்றார்.

"ஜனவரில."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"அண்ணன் அவ்வளவு பிரியமா வாங்கிட்டு வந்தது. ஒரு ஆட்டோக்காரன் சொல்லுதான்னு அதத் தப்புன்னு சொல்ல முடியுமா? லேப்காரன் கூட்டிப் போட்டிருப்பான்னு நெனச்சேன்."

"நூத்தி நாப்பத்தொம்பதுக்கும் இருநூத்தி எழுவத்தி ரெண்டுக்கும் நடுவுல நூத்தி இருவத்தி மூணு இருக்கு. அவ்வளவையுமா கூட்டிப் போடுவான்?"

"ஏட்டி, இங்கன வச்சுக் கத்தாத."

நான் கத்தவில்லை. இந்த மனிதர் கடையில் உட்கார்ந்து, பத்து லிட்டர் டேங்குக்கு இருபது மில்லி பூச்சிமருந்துதான், இருபத்தைந்து ஊற்றினால் பயிர் கருகிவிடும் என்று விவசாயிகளிடம் மூடியால் அளந்து காட்டுகிறவர். ஐந்து மில்லிக்குப் பயப்படத் தெரிந்தவர். அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்பதற்குப் பதிலாக அப்பாவின் காலை அழுகவிட்டிருக்கிறார். அவரைப் பார்க்க எனக்குக் குமட்டியது. காலுறையை உரித்தபோது வந்ததே, அதே குமட்டல். ஆனால் அன்றைக்கு எடுத்த வாந்திக்கு நான் பிறகு வெட்கப்பட்டேன். இதற்கு வெட்கப்படவில்லை.

அவரைத் திட்டிவிட்டு நான் சுத்தமாக நிற்கவும் முடியாது. அவர் லேப் சீட்டைப் பார்த்தார். நான் திரையோரத்து எழுத்துகளைப் பார்த்தேன்.

மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் போனேன். பாட்டுக்குழுவில் பாடுகிற ஒரு அம்மா, "மெஷின் தப்பா காட்டிட்டாக்கும்?" என்று கேட்டார்.

"மெஷின் சரியாத்தான் காட்டிச்சு. நாங்கதான் தப்பா வாசிச்சோம்."

அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டே, "அதுக்குள்ள நான் மாத்திரையை நிறுத்திட்டேனேம்மா," என்றார். ரத்தம் பார்த்ததில் காமாலை எதுவும் இல்லை என்று மூன்று பேர் பிறகு சொன்னார்கள். மற்றவர்கள் பார்த்தார்களா என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

மாமனார் வீடு திரும்பியதும், பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடிப் பையோடு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களிடம் அவர் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார். முதலில் ஒருவரிடம் சொன்னார். பிறகு வந்த எல்லோரிடமும்.

"என் மவன் அங்க இருந்து நல்ல மெஷின் வாங்கியாந்தான். அதுல பதினெட்டால பெருக்கணுமாம். எனக்கென்ன தெரியும்? வீட்டுக்குள்ளேயே கணக்கு டீச்சர் இருக்கா. இவளுக்குத் தெரியாமப் போச்சே."

அப்போது நான் அதே அறையில், அவருடைய காலடியில், தரையில் உட்கார்ந்து கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்டுக்கொண்டு, சலைன் ஊற்றி, பழைய துணியை எடுத்து, விரல் இருந்த இடத்தைத் துடைத்து, புதுத் துணி வைத்து, கட்ட வேண்டும். தினமும் ஒருமுறை. கையுறையையும் மீறி அந்த வாடை நகக்கண்ணில் தங்கிவிடும். மீன் குழம்பு சாப்பிட முடியாமல் ஒரு மாதம் தயிர்ச் சோறு சாப்பிட்டேன். வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து, 'இவ அன்னைக்கே கேட்டாப்பா' என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். சுளையைப் பிரித்து அப்பாவின் கையில் வைத்தார்.

அத்தான் வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர், அப்பாவைப் பார்க்க என்று அந்த டிசம்பரிலேயே வந்தார். வந்த மறுநாள் மத்தியானம் நான் அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, கதவோரத்தில் நின்றார். அந்த வீட்டு அடுக்களைக்குள் அவர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீ அன்னைக்குக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார் தணிந்த குரலில். "பத்தால எதுக்குப் பெருக்கணும்னு."

நான் அடுப்பைச் சிறிதாக்கினேன்.

"அங்க திரும்பிப் போன ரெண்டாவது வாரமே என்கூட வேலை பாக்கவர் ஒருத்தர் அங்கத்திய கணக்கைச் சொன்னார். அஞ்சு, ஆறுதான் நார்மல்னு. அப்பம்தான் எனக்கே தெரியும். அப்பாட்டச் சொல்லணும்னுதான் நெனச்சேன். போன்ல எப்படிச் சொல்ல? அப்படியே போயிட்டு."

ஜனவரியிலேயே. அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னதைக்கூட அவர் மாற்றிச் சொல்லவில்லை. எண்ணெயில் கிடந்த அப்பளம் கருகுகிற வாடை வந்தது. எடுத்து வெளியே போட்டேன்.

"அப்பாட்ட இதச் சொல்லிராத, என்னா. வயசாயிட்டு. தாங்க மாட்டாவ," என்றார்.

"நான் சொல்லல அத்தான். நீங்க சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கால்மணி நேரத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எட்டு மாதமாகியும் கால் புண் ஆறாத மாமனாரைத் தாங்கிக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார்கள். சோறு பரிமாறினேன். குழம்பு ஊற்றினேன். நான் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, அத்தான் உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்னாவ."

என் கணவரின் கை இலையிலேயே நின்றது. மாமனார் மகனை ஆசையோடு பார்த்தார். "என்னப்பா?"

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.

"ஒண்ணும் இல்லப்பா. குழம்பு நல்லா இருக்கு. அங்கன இந்த ருசி கெடைக்காதுன்னு சொல்லிட்டு இருந்தேன்."

"அது ஆத்துத் தண்ணி ருசில்லா," என்றார் மாமனார், நிறைவாக. "எம்மா, அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். மூவரும் சாப்பிட்டு எழுந்த பிறகு இலைகளை எடுத்துச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். மணி இரண்டு. மூன்று மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும்.